கள்ளிமுளையான் பூக்கும் காலம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் காடுகளில் மழை விழுந்ததும் ஆடு மேய்ப்பவர்களின் கண் முள்புதர்களின் அடியில் ஓடும். அங்கேதான் கள்ளிமுளையான் இருக்கும். இலை தெரியாத நான்கு பட்டைத் தண்டு; ஒடித்து, ஓரத்துப் பற்களைச் சீவிவிட்டுப் பச்சையாகவே மெல்லலாம். வீட்டுக்கு வந்தால் புளி, வற்றல், உளுந்தோடு துவையலாகிவிடும். பசி தாங்கும் என்பது மேய்ச்சல்காட்டு அனுபவம். இன்று அதன் சாரத்தை உடல் எடை குறைக்கும் மாத்திரையாக வெளிநாடுகளில் விற்கிறார்கள்.

தின்பவர்கள் தண்டைத்தான் பார்ப்பார்கள். பூவோ அவ்வளவு அழகு!

1795-இல் வெளிவந்த கோரமண்டல் கரைத் தாவர நூலில் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் இச்செடியை ஓவியத்தோடு பதிவுசெய்தார். இன்று அந்தப் பூவைப் படமெடுக்க, கேமராக்காரர் மண்ணில் படுத்தே ஆக வேண்டும். கருஞ்சிவப்பும் மஞ்சள் வரியுமாக ஐந்து சிற்றிதழ்கள். ஓரத்து மயிர்கள் சிறு காற்றுக்கும் நடுங்கும். மேக்ரோ லென்ஸில் எஃப் 11 அளவுக்குத் துளையைச் சுருக்கினால் மயிரும் நடுப்பகுதியும் சேர்ந்து தெளியும். பூ இருண்ட நிறம் என்பதால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். சற்றுக் குறைத்து வைத்தால்தான் அந்தச் சிவப்பு உண்மையாக விழும். மேகமூட்டமே நல்ல ஒளி. மகரந்தம் சுமப்பவை ஈக்கள். ஒன்று வந்து உட்காரும்வரை காத்திருக்கலாம். படத்துக்காகத் தண்டைப் பிடுங்கி வெளியே வைப்பது தவறு. முள்புதரையும் சேர்த்தே எடுக்க வேண்டும், ஆட்டு வாயிலிருந்து செடியைக் காப்பது அந்த முள்தான்.