கூற்றில்லாத கொடையாளி: கருமுட்டைக் கொடையும் தமிழ்ச் சொல்வழக்கும்

தமிழ் அகப்பாடல் மரபு தலைவிக்கு இரு தாயரை அளித்தது. ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. இருவருக்கும் தனித்தனியே கூற்று நிகழ்த்தும் உரிமையைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. இன்றைய மருத்துவமோ ஈன்றவளையே இருவராகப் பிரித்துள்ளது. கருமுட்டையை அளிப்பவள் ஒருத்தி. கருவைச் சுமந்து பெறுபவள் மற்றொருத்தி. முன்னவளைத் தமிழில் ‘கொடையாளி’ என்கிறோம். அப்பெயர் அவளுக்குப் பொருந்துமா, அவளுக்கெனக் கூற்று உண்டா என்னும் இரு வினாக்களை ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

செங்காங் போன்று இளங்குடும்பங்கள் மிகுந்த சிங்கப்பூர் நகர்ப்பகுதியொன்றில் வாழும் ஓர் இணையர் இச்சிகிச்சையை நாடுவதாகக் கொள்வோம். சிங்கப்பூரில் 2004இல் இயற்றப்பட்ட மனித நகலாக்கம் மற்றும் பிற தடைசெய்யப்பட்ட நடைமுறைகள் சட்டம் கருமுட்டையை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கிறது. நியாயமான செலவுகளை ஈடுசெய்வதற்கு மட்டுமே இடமளிக்கிறது. ஆதலின் இணையர் தங்கையையோ தோழியையோ நாடலாம். அல்லது அறியாத ஒருத்தியின் உதவியை எதிர்நோக்கலாம். யாராயினும் அவள் சோதனைக்கு உட்படுகிறாள். எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி, சிபிலிஸ் முதலிய தொற்றுகள் உளவா, தலசீமியா போன்ற மரபுநோய்க் கூறு உண்டா, சினைப்பையில் முட்டைகள் போதிய அளவில் எஞ்சியுள்ளனவா என்பன ஆராயப்படுகின்றன. இவற்றில் தேறிய பின் ஏறத்தாழப் பத்து நாள் இயக்குநீர் ஊசிகளை ஏற்கிறாள். மயக்கமருந்தின் துணையோடு ஊசிவழி முட்டைகள் எடுக்கப்படுகின்றன. சினைப்பை மிகையாகத் தூண்டப்பட்டு உடல்நலம் குன்றும் இடரும் உண்டு.

புறப்பாடல்கள் காட்டும் கொடையோ வேறு. பாரியும் பேகனும் கொடுத்தனர், பெற்றவர் பாடினர், கொடுத்தவர் பெயர் நிலைத்தது. கருமுட்டைக் கொடையில் கொடுப்பவளின் குருதியும் குடிவழியும் ஆராயப்படுகின்றன. பெயரோ பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. பெறுபவரே கொடுப்பவரைத் தேர்கின்றனர். கொடை என்னும் சொல்லின் பெருமிதம் மட்டும் இங்கு வந்துள்ளது. அச்சொல் கொடுத்தவருக்கு அளித்துவந்த மதிப்பு உடன்வரவில்லை.

இம்மறைப்பு மருத்துவத்தோடு தோன்றியதன்று. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) புதினத்தில் பிள்ளையில்லாப் பொன்னா, திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாளிரவு அறியாத ஓர் ஆடவனை நாடுகிறாள். அவ்விரவில் வரும் ஆடவர் யாவரும் ‘சாமி’ எனக் கருதப்படுவர். பொன்னாவின் ஏக்கத்தையும் காளியின் தவிப்பையும் புதினம் ஆழ்ந்து பேசுகிறது. அந்த ஆடவனோ சாமியாகவே வந்து மறைகிறான். கொடுத்தவரைத் தெய்வமாக்குவது மறப்பதற்கு எளிய வழி என்பது நம் கருத்து. எனினும் இவ்வொப்புமைக்கு ஓர் எல்லையுண்டு. அவ்வாடவன் தன் உடலை இடருக்கு உட்படுத்தவில்லை; கருமுட்டை அளிப்பவள் உட்படுத்துகிறாள். எனவே அவளை மறப்பது பெரும்பிழையாகும்.

சட்டத்தின் மொழியிலும் இம்மௌனத்தைக் காண்கிறோம். செயற்கைக் கருத்தரிப்பில் கணவரின் விந்தணுவுக்குப் பதிலாக அறியாத ஒருவரின் விந்தணு தவறுதலாகப் பயன்பட்ட வழக்கில், சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் இடையிலான மரபணு உறவு இழக்கப்பட்டதை ஓர் இழப்பாக ஏற்று, வளர்ப்புச் செலவில் 30 விழுக்காட்டை இழப்பீடாக வரையறுத்தது. சாயலின் இழப்புக்கு அளவு காணப்பட்டது; அவ்வணுவுக்கு உரியவரோ தீர்ப்பின் ஓரத்திலேயே நிற்கிறார். கருமுட்டை தேர்விலும் இனமும் நிறமும் சாயலும் வினவப்படுகின்றன. தொற்றுச் சோதனை பிள்ளையின் நலம் கருதியது. சாயல் தேடுவதோ பெரும்பாலும் குடும்பத்தின் மறைபொருளைக் காப்பதற்கே. இரண்டையும் ‘தேர்வு’ என்னும் ஒரே சொல்லால் வழங்குவது பொருத்தமன்று.

கூற்றை மறுப்பதன் விளைவை ஈரோடு காட்டியது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் கருமுட்டை அளிப்பவர்க்கு 23 முதல் 35 வரை வயது வரம்பு வகுத்தது. வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே அளிக்கலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கலாகாது என்றது. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியொருத்தியின் கருமுட்டைகள் பலமுறை விற்கப்பட்டமை வெளிவந்தது. போலி ஆதார் அட்டை அவளை வயதில் மூத்தவளாக்கியிருந்தது. தாளும் குருதியும் சோதிக்கப்பட்டன. அவள் மனம் வினவப்படவில்லை. குருதியை ஆய்வகம் ஆராயலாம். இசைவை அறிய அவளோடு தனித்துப் பேசுதல் வேண்டும்.

அவளுக்குக் கூற்று வழங்குவது பெற்றவளின் தாய்மையைப் பறிப்பதாகாது. சுமந்து பெற்றவளே தாய் என்பதைச் சிங்கப்பூரின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக்கியுள்ளது. பிள்ளைப்பேறு குறித்த கதைகளைப் பயிற்றும் ஆசிரியர்கள், ‘பெற்றவள் என்ன கூறினாள்’ என்பதோடு ‘கொடுத்தவள் என்ன கூறியிருப்பாள்’ என்றும் மாணவரை வினவலாம். கொடையாளி என்னும் சொல்லை நாம் கைவிட வேண்டுவதில்லை. அச்சொல்லால் அழைக்கப்படுபவள் மறுக்கவும் உரிமையுடையவள் என்பதை ஏற்றாலன்றி அது கொடையாகாது.