அருட்பாப் போரில் ஆறாந்திருமுறை

அருட்பாப் பூசல் என்றதும் ஆறுமுக நாவலர் ஒருபுறமும் வள்ளலார் ஒருபுறமுமாக நிற்கும் காட்சியே பலர் நெஞ்சில் எழுகின்றது. சிங்கப்பூரிலாயினும் தமிழகத்திலாயினும், மஞ்சக்குப்பம் நீதிமன்றக் கதையைச் சுவைபடச் சொல்லி அமைவாரே மிகுதி. கதை சுவையானதுதான். ஆயின், பூசலுக்கு உரிய நூல் எது என்னும் வினா அதில் அமுங்கிப் போகின்றது.

1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் வெளியிட்டவை முதல் நான்கு திருமுறைகளே. ஒற்றியூர்ச் சிவனையும் சமயகுரவர் நால்வரையும் உருகிப் பாடும் பாடல்கள் மலிந்தவை அவை. பழுத்த சைவர் ஒருவர் பூசையறையில் வைத்து ஓதத் தடையில்லாதவை. அவற்றின்மீதே 1869இல் ‘போலியருட்பா மறுப்பு’ பாய்ந்தது. பன்னிரண்டென வரையறுத்த திருமுறைகளின் பெயரை, வாழும் ஒருவர் பாடலுக்கு இடலாமா என்பது மறுத்தோர் வினா. இதனை எள்ளித் தள்ளுதல் முறையன்று. தன் மறைநூலுக்கு எல்லை வகுத்துக் காப்பது எம்மரபுக்கும் இயல்பு. எனினும், அவ்வெல்லையும் ஒருநாளில் இட்டதன்று. சேக்கிழார் நூல் பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது பிற்காலத்தே அன்றோ? மேலும், அடி விழுந்த இடம் மாணவர் இட்ட பெயர். ‘இராமலிங்கசாமி’ என்று தம்மை வழங்குவதையே ஆரவாரமெனக் கடிதத்தில் விலக்கியவர் வள்ளலார்.

சாதியையும் சமயச் சண்டையையும் சாத்திரப் பற்றையும் நேர்நின்று மறுக்கும் பாடல்கள் நிறைந்த ஆறாந்திருமுறை அச்சேறியது 1885இல். வள்ளலார் 1874இலும் நாவலர் 1879இலும் மறைந்துவிட்டனர். ஆகவே, பெயர் பற்றிய போர் நிகழ்ந்த அளவுக்கு அந்நூலின் கருத்துப் பற்றிய போர் அவ்விருவரிடையே நிகழ வாய்ப்பே இல்லாது போயிற்று. தமிழுக்கு இஃது இழப்பே. நாவலர் போன்ற உரைநடை வல்லார் ஆறாந்திருமுறையை எதிர்கொண்டு எழுதியிருப்பின் அம்மறுப்பும் ஓர் இலக்கியமாகியிருக்கும்.

அப்பாடல்களின் யாப்பு புதிதன்று என்பதும் நோக்கத்தக்கது. பழைய விருத்தம், பழைய அகவல். 1596 அடிகளால் இயன்ற அருட்பெருஞ்சோதி அகவலின் நடை, மணிவாசகரின் போற்றித் திருவகவல் கேட்ட செவிக்கு அயலாக ஒலிப்பதில்லை. மரபு கற்பித்த நாவைக் கொண்டே மரபை வினவுகிறார் கவிஞர். வெளியே நின்று கல்லெறிந்தவரின் குரலன்று அது. அதனாலேதான் அதன் கூர்மை மிகுதி.

அக்கூர்மை அவரையும் விட்டுவைக்கவில்லை. 1873 அக்டோபர் 22ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில், சைவத்தின்மீது தமக்கு முன்னர் இருந்த பற்றுக்குத் தம் பழைய தோத்திரங்களையே சான்று காட்டி, அக்காலத்தில் தமக்கு அறிவு கொஞ்சமாக இருந்தமையே அதற்குக் காரணம் என்கிறார். மருட்பா என்றோரும் இத்துணைத் துணிந்து கூறினாரல்லர்!

பூசல் அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்தது. யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை மறுத்து நிற்க, இசுலாமியரான செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவுக்காக வாதிட்டார். கதிரைவேற்பிள்ளையின் மாணவர் திரு.வி.க. தம் ஆசிரியர் வரலாற்றை அன்பொழுக எழுதியவர். ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’ எழுதியதும் அவர் கையே.