சட்டம் கொடுத்த கையும் புள்ளி போட்ட கையும்

மட்டக்களப்பின் வெல்லாவெளியில் ஒரு பிள்ளை உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் பாடத்தை எடுத்தால் அதற்கு அடுத்த பாதை ஏறக்குறையத் தெரிந்ததுதான். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிக்கு வந்து, அங்கிருந்து பஸ் எடுத்துக் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ போகலாம். நடிப்பு, குரல், உடலசைவு, நெறியாள்கை, நாடக வரலாறு என்று சில வருடம் படித்துப் பட்டத்துடன் திரும்பலாம். பிறகு ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டும். கிடைத்தால் வெல்லாவெளி இருக்கும் அதே போரதீவுப்பற்றில் ஏதோவொரு பாடசாலையில் அதே பாடத்தை அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மாதச் சம்பளம் கொடுத்து நடிகர்களை வைத்திருக்கும் குழு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் இல்லை, கிழக்கே எழுவான்கரையிலும் இல்லை. ஆகவே நடிப்புக் கல்வி இங்கே நடிகரை ஆக்கும் முன்பே நடிப்பாசிரியரை ஆக்கிவிடுகிறது.

தமிழ்நாட்டில் கதை வேறு. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தும் நவீன நடிப்புப் பயிற்சியும் சந்தித்தன. அங்கே பயின்ற பசுபதி போன்றவர்களைச் சினிமா வாங்கிக்கொண்டது. மட்டக்களப்பில் வாங்குவதற்கு இருப்பது கல்வித் திணைக்களம் ஒன்றுதான். நல்லதோ கெட்டதோ, இங்குள்ள நடிப்புக் கல்வியின் குணத்தை இந்த ஒற்றை வாடிக்கையாளரே தீர்மானிக்கிறார் என்பது என் எண்ணம்.

இத்தனைக்கும் வாவிக்கு மேற்கே நடிப்புக் கற்பித்தல் புதிதல்ல. மாரி வேளாண்மை வெட்டி முடிந்து வட்டைகள் ஓய்ந்த பிறகு ஊரார் கூடி ஒரு கூத்தைத் தெரிவார்கள். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் அழைக்கப்படுவார். ஆளைப் பார்த்து, குரலைக் கேட்டு, நல்ல நாளில் சட்டம், அதாவது அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும், கொடுப்பார். இரவிரவாக ஆடுகளமான களரியில் தாளக்கட்டுச் சொல்லி ஆட்டம் பழக்குவார். மாதக்கணக்கில் இது நடக்கும். சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (அதுதான் இறுதி ஒத்திகை), ஒருநாள் அரங்கேற்றம். அதன்பின் வீட்டுக்கு வீடு ஆட்டம். இந்தக் கல்விக்கு ஒரு பாடத்திட்டம் எழுதப்பட்டதில்லை. ஆனால் எதற்குப் பின் எது என்ற ஒழுங்கு கறாரானது.

பல்கலைக்கழகமும் தன் முதற் பாடத்தை அண்ணாவியார்களிடமே கற்றது. பேராதனையில் கற்பித்த சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தைச் சிங்களக் கிராமிய அரங்கான நாடகம மரபிலிருந்து எடுத்துக் காட்டியபோது, தமிழில் அப்படியொன்று ஏன் கூடாது என்ற கேள்வி எழுந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடை தேடி மட்டக்களப்புக்கு வந்தார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். 1962இல் 'கர்ணன் போர்', அதைத் தொடர்ந்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' என்று தயாரிப்புகள் வந்தன. விடியும்வரை ஆடியது இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கியது. வட்டக்களரியில் ஆடியது படச்சட்ட மேடைக்கு ஏறியது. அந்த மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். 1998இல் அது நூலாகவும் வந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறையை வளர்த்தெடுத்தவரும் அவரே. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும் இதே காலத்தில் வேறொரு பக்கமிருந்து, களப் பயிற்சி, அரங்க விளையாட்டு என்று நடிப்புக் கல்வியைக் கட்டியது. இன்று நம் பாடசாலைகளில் நாடகம் படிப்பிக்கும் பலரின் குருபரம்பரை இந்த இரண்டில் ஒன்றில் போய் முடியும்.

பல்கலைக்கழக நடிப்புக் கல்வியால் வந்த நன்மையைச் சிறிதாக்கிப் பேசுவோர் உண்டு. அவர்கள் இரண்டு விடயங்களைப் பார்க்கத் தவறுகிறார்கள். முதலாவது பெண்கள். கூத்துக் களரியில் திரௌபதையும் சுபத்திரையும் ஆண்களே. பயிலும் இரவுகளில் பெண்ணுக்கு இடம் பார்வையாளர் வரிசையில்தான். பல்கலைக்கழக நடிப்பு வகுப்பிலோ மாணவரில் பெரும்பகுதி பெண்கள். கையைத் தூக்கி, குரலை உயர்த்தி, தரையில் புரண்டு எழுந்து, வாளை வீசி ஆடப் படுவான்கரைப் பெண்பிள்ளைக்கு முதன்முதலில் அனுமதி தந்த இடம் அந்த வகுப்பறை. வீட்டில் 'சத்தம் போடாதே' என்று வளர்க்கப்பட்டவளுக்குக் குரல் பயிற்சி ஒரு பாடம் மட்டுமா? இரண்டாவது சாதி. யார் அருச்சுனன், யார் சேவகன், யார் மத்தளம், யார் பறை என்பதில் ஊரின் அடுக்கு முறை எப்போதும் மறைந்திருந்தது. வகுப்பறையில் அது முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பாத்திரப் பங்கீட்டுக்கு ஊர்ப்பெரியவர்களின் தலையசைப்பு அங்கே தேவைப்படுவதில்லை. யுத்த காலத்திலும் 2004 கடற்கோளுக்குப் பிறகும் அரங்கப் பயிற்சி பெற்றவர்கள் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி விளையாட்டும் பாட்டுமாகப் பேசவைத்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த அண்ணாவியாரின் கொப்பியிலும் இல்லாத பயன் அது.

இனிக் குறைக்கு வருகிறேன். குரலில் தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் குறை மோசமாக இருக்கிறது.

நம் குரல் வகுப்புகளில் நடப்பது என்ன? வட்டமாக நின்று மூச்சை அடிவயிற்றுக்கு இழுப்பது, தாடையைத் தளர்த்துவது, 'ஆ'வை நீட்டுவது, நாப்பிறழ் வாக்கியங்களை வேகமாகச் சொல்வது. சிசிலி பெரி 1973இலும் கிறிஸ்டின் லிங்லேற்றர் 1976இலும் நூலாக்கிய பயிற்சிகளின் தூரத்துப் பிள்ளைகள் இவை. கெட்டவை அல்ல. தொண்டையைக் காப்பாற்றும்; விடியும் நேரம் குரல் கம்மிப்போகும் கூத்தர்களுக்கு யாராவது இவற்றைச் சொல்லிக் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்ததுண்டு. ஆனால் இவை நின்ற இடத்தில் நின்று வசனம் பேசும் நடிகருக்காக ஆக்கப்பட்டவை. கூத்தின் நடிகர் ஆடிக்கொண்டே பாடுபவர். அவர் ஓர் அடியைப் பாடிவிட, பிற்பாட்டுக்காரர் அதை ஏந்துவர். அந்த நேரத்தில் அவர் ஆடுவார். ஆட்டம் தணியும்போது மூச்சைச் சேர்த்து அடுத்த அடியைத் தொடுவார். மத்தளத்தின் கதியைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆடுபவரின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான். மூச்சுப் பயிற்சி அந்த வடிவத்துக்குள்ளேயே வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது.

பல்கலைக்கழக நேரசூசி இதை இரண்டாக வெட்டுகிறது. திங்கள் காலை குரல், புதன் மாலை உடலசைவு, இரண்டுக்கும் வெவ்வேறு விரிவுரையாளர். குரல் வகுப்பில் கால் அசைவதில்லை, ஆட்ட வகுப்பில் வாய் திறப்பதில்லை. ஆண்டிறுதித் தயாரிப்பில் இரண்டும் சேரும்போது மாணவருக்கு இரைக்கிறது. உடனே மேடையோரத்தில் ஒலிவாங்கியுடன் பாடுநர் குழு ஒன்றை இருத்தி, ஆடுபவரை வெறுமனே ஆடவிடுகிறோம். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் பாடி ஆடும் நடிகர் அங்கே இல்லை. அவர் ஒரு பாடகரும் ஓர் ஆட்டக்காரருமாகப் பிரிந்துபோகிறார். (தமிழ்த்தினப் போட்டி மேடைகளில் ஒரே ஒலிவாங்கியை நெருக்கிக்கொண்டு மூன்று அரசர்கள் நிற்கும் காட்சியைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது இன்னும் நன்றாக விளங்கும்.)

உடலசைவிலும் இதே வெட்டு உண்டு, ஆனால் அவ்வளவு ஆழமாக இல்லை. வீசாணம், எட்டு, நாலடி, பொடியடி என்று வடமோடிக் கூத்தின் ஆட்டங்களைப் பிரித்துப் பெயர் சொல்லி, குறித்து, படிப்பிக்கலாம் என்று காட்டியது பல்கலைக்கழக ஆய்வுதான். அதற்கு முன் அவை அண்ணாவியாரின் வாயிலும் ஆடுபவரின் காலிலும் மட்டுமே இருந்தன. அது பெற்றது; இழந்தது நாற்புறமும் திரும்பும் உடல். வட்டக்களரியில் சுற்றிவரச் சனம் இருக்கும். முதுகும் நடிக்க வேண்டும். படச்சட்ட மேடையில் பழகியவருக்கு முதுகு என்பது திரைக்குக் காட்டும் பக்கம்.

அடுத்தது காலம். அரையாண்டுத் தவணையில் விடுமுறையும் பகிஷ்கரிப்பும் பரீட்சையும் போக மிஞ்சும் வாரங்களில் ஒரு வடமோடி அரசனின் வரவைக்கூட உடம்பில் ஏற்ற முடியாது. எனவே மாணவர் ஆட்டத்தின் மாதிரியைக் கற்கிறார். அதைப் பாடசாலையில் சொல்லிக் கொடுக்கும்போது மாதிரியின் மாதிரி போகிறது. உயர்தரப் பரீட்சைக்கோ நாடக வரலாறும் வினா விடையும் ஓடினாலே போதும் என்று ரியூசன் கொப்பிகள் முடிவுசெய்துவிட்டன. ஸ்ரனிஸ்லவ்ஸ்கியின் நடிப்புக் கோட்பாட்டை ஐந்து பக்கம் எழுதத் தெரிந்த பிள்ளை, ஒரு வாக்கியத்தை மண்டபத்தின் கடைசி வாங்கில் இருப்பவருக்குக் கேட்கச் சொல்லத் தெரியாமல் பட்டப்படிப்புக்கு வந்து சேர்கிறது. விரிவுரையாளரின் நிலையும் பொறாமைப்படத்தக்கதல்ல. இரவெல்லாம் ஒத்திகை பார்த்து ஒரு தயாரிப்பை மேடையேற்றுவது பதவி உயர்வுக்கு எடுபடுவதைவிட ஆய்வுக் கட்டுரைகள் அதிகம் எடுபடும். நல்ல நடிப்பாசிரியர்கள் மெல்ல மெல்ல நாடகத்தைப் பற்றி எழுதுபவர்களாக மாறுவதில் வியப்பில்லை.

இந்தக் கோளாறைக் கண்டு வேறு வழி பார்த்தவர் அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர். கூத்தை எடுத்துவந்து செம்மையாக்கி மேடையேற்றுவதற்கு மாறாக, ஊரிலேயே, ஊரவரும் அண்ணாவியாரும் சேர்ந்து, சாதியையும் பெண்ணையும் இழிவுசெய்யும் இடங்களைப் பேசித் திருத்தி ஆடும் கூத்து மீளுருவாக்கம் அவருடையது. சீலாமுனைக் கிராமம் அதன் அறியப்பட்ட களம். செம்மையாக்கமா மீளுருவாக்கமா என்ற விவாதம் மட்டக்களப்பில் நீண்ட காலம் நடந்தது. சிலவேளை ஆட்களைப் பற்றிய விவாதமாகவும் சறுக்கியது. கற்பித்தல் என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால் மீளுருவாக்கத்தின் பக்கம் நியாயம் அதிகம். அங்கே கற்பவர் அண்ணாவியாரின் முழு நேரத்தையும் பெறுகிறார். ஆனால் எல்லாக் கலைகளுக்கும் ஊரே போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அண்ணாவியார் பார்த்துச் செய்யச் சொல்வார். ஏன் என்று விளக்கமாட்டார். ஒரு சட்டத்தில் தேர்ந்தவர் சட்டமே இல்லாத நவீன நாடகத்தில் என்ன செய்வதென்று திகைப்பார். அவர் கண்மூடினால் பாதி அறிவு அவருடன் போய்விடும். 1926இல் வெளிவந்த 'மதங்கசூளாமணி'யில் விபுலாநந்தர் சேக்ஸ்பியரையும் தமிழ் நாடக இலக்கணத்தையும் ஒரே நூலில் இருத்தினார். காரைதீவில் பிறந்தவருக்கு அது முடிந்ததென்றால், அவர் பெயரைத் தாங்கிய நிறுவகம் இருக்கும் ஊரில் அண்ணாவியாரையும் குரல் விரிவுரையாளரையும் ஒரே வகுப்பில் இருத்துவது பெரிய காரியமா?

தடை பட்டம்தான். பட்டமில்லாதவர் நிரந்தர விரிவுரையாளராக முடியாது. ஆகையால் அண்ணாவியார் 'வளவாளர்' என்ற பெயரில் ஒருநாள் பட்டறைக்கு வருகிறார், பொன்னாடை போர்த்தப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது, பின்னேர பஸ்ஸில் திரும்புகிறார். கற்பித்த வேலைக்குக் கௌரவம் செய்து அனுப்பும் இந்த வழக்கம், அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்காமல் தப்பும் வழியாகவும் இருக்கிறது.

மூன்று காரியங்களை இன்றைய சட்டதிட்டத்துக்குள்ளேயே செய்யலாம். நடிப்பு மாணவரின் ஒரு தவணையை மாரி அறுவடைக்குப் பிந்திய மாதங்களில் வைத்து, வெல்லாவெளி, பழுகாமம், மண்டூர் போன்ற ஊர்களில் கூத்துப் பழகும் களரியிலேயே கழிக்கவிடுங்கள். குரலையும் ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் இருவர் சேர்ந்து படிப்பியுங்கள். செயன்முறைப் பரீட்சையில் அண்ணாவியார் ஒருவரை, மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவுடன், பரீட்சகராக இருத்தி அவர் கையிலும் புள்ளித்தாளைக் கொடுங்கள். ஆடிக்கொண்டே பாடத் தெரியாத ஒருவரை அவர் நிச்சயமாகச் சித்தியடைய விடமாட்டார்.