முள்ளிக்குளத்துக் கரையும் ஜெனீவாத் தீர்மானமும்

அண்மையில் பேர்ணில் நடந்த ஒரு கலந்துரையாடலில் நண்பர் ஒருவர் எழுந்து சொன்னார்: "அமெரிக்கன் திருகோணமலையில கால் வைச்சிட்டான். இனி எங்களுக்கு ஒரு வழி பிறக்கும்." மண்டபத்தில் சிலர் தலையாட்டினார்கள். அவரை மறுத்துப் பேச எழுந்த இன்னொரு நண்பர், ஏகாதிபத்தியத்தின் கப்பல் எந்தக் கரைக்குப் போனாலும் அங்கே நாசம்தான் என்றார். அதற்கும் சிலர் தலையாட்டினார்கள். இரண்டு மணித்தியாலம் வாதம் நடந்தது. வல்லரசுகள் வந்தன, இந்துமகா சமுத்திரம் வந்தது, சீனாவும் அம்பாந்தோட்டையும் வந்தன. அந்தக் கப்பலில் வந்தவர்கள் எந்தக் கரையில் நின்று பயிற்சி எடுத்தார்கள், அந்தக் கரை யாருடையது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. முள்ளிக்குளம் என்ற பெயர் கூட்டம் முடியும்வரை உச்சரிக்கப்படவில்லை. நானும் உச்சரிக்கவில்லை. அன்றைய மௌனத்துக்கு ஈடாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்தவற்றை ஒழுங்காக வைத்துப் பார்ப்போம்.

2016 நவம்பரில் யூ.எஸ்.எஸ். சொமர்செற் என்ற அமெரிக்கத் தரையிறக்கக் கப்பல் திருகோணமலைக்கு வந்தது. அதில் வந்த 11ஆவது மரைன் படையணியினர், அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த இலங்கைக் கடற்படையின் மரைன் பிரிவினரோடு சேர்ந்து பயிற்சி செய்தனர். 2017 பெப்ரவரி 27ஆம் திகதி அப்பிரிவின் முதல் அணி, 6 அதிகாரிகளும் 158 கடற்படையினருமாக, அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் முன்னிலையில் பயிற்சி முடித்து வெளியேறியது. வைபவம் நடந்த இடம் முள்ளிக்குளத்தில் உள்ள 'பரண' கடற்படைத் தளம். அதே ஆண்டு ஒக்ரோபரில், 1995 முதல் தென்கிழக்காசிய நாடுகளோடு அமெரிக்கக் கடற்படை நடத்திவந்த 'கரற்' என்ற கூட்டுப் பயிற்சி முதற்தடவையாக இலங்கையில், திருகோணமலையில், நடைபெற்றது. 2023 ஜனவரியில் அது மீண்டும் வந்தது. இம்முறை வந்தது யூ.எஸ்.எஸ். அங்கரேஜ் என்ற தரையிறக்கக் கப்பலும் 13ஆவது மரைன் படையணியும். ஜப்பானியக் கடற்படையும் மாலைதீவுப் பாதுகாப்புப் படையும் சேர்ந்துகொண்டன. கொழும்பிலும் கடலிலும் ஒரு பகுதி நடந்தது. மற்றப் பகுதி முள்ளிக்குளம் தளத்தில் நடந்தது.

இலங்கையின் தரப்பில் கடலுக்குப் போன கப்பல்கள் கஜபாகுவும் விஜயபாகுவும். இரண்டும் அமெரிக்கக் கரையோரக் காவற்படை பாவித்து முடித்துக் கொடுத்தவை. கஜபாகு முன்பு 'ஷேர்மன்' என்ற பெயரோடு வியற்நாம் போரில் நின்று, 1970 இல் ஒரு வடவியற்நாம் படகை மூழ்கடித்தது. கப்பல்கள் பெயர் மாறும். தொழில் மாறுவது அருமை.

ஈரூடகப் பயிற்சி என்றால் என்ன என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். கடலில் இருந்து ஒரு படையைக் கரையில் இறக்கி, அங்கே நிலைகொள்ளவைத்து, அதற்கு வேண்டியதைத் தொடர்ந்து அனுப்பும் கலை அது. அங்கரேஜ் போன்ற கப்பலின் பின்புறத்தில் கடல்நீரை உள்ளே விடக்கூடிய ஒரு தளம் உண்டு. அங்கிருந்து படகுகளும் மிதவை வாகனங்களும் நேரே வெளியே மிதந்து போகும். துறைமுகம் தேவையில்லை, கடற்கரை போதும். இந்தப் படைகளுக்கு ஆளில்லாத கடற்கரை இவ்வளவு அருமையாக இருப்பது அதனால்தான்.

முள்ளிக்குளம் எப்படி ஆளில்லாத கடற்கரை ஆனது?

மன்னார் மாவட்டத்தின் தெற்கே, முசலிப் பிரிவில் உள்ள ஒரு கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம் அது. கடலும் குளமும் வயலும் சேர்ந்து கிடைத்த ஊர். 2007 செப்ரெம்பரில் இராணுவம் மக்களை வெளியேற்றியது. சில நாட்களில் திரும்பலாம் என்று போனவர்களின் ஊருக்குள் கடற்படை வந்து இருந்துகொண்டது. தன் வடமேற்குக் கட்டளைப் பிரிவை அங்கே நிறுவியது. போர் முடிந்து 3 ஆண்டுகளின் பின், 2012 இல், ஊரவர்களில் ஒரு பகுதியினர் திரும்பிவந்து, ஊருக்குள் போக முடியாமல், அருகில் மலங்காட்டில் காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். தங்கள் தேவாலயமே முகாமின் எல்லைக்குள். பூசைக்குப் போவதற்கும் கடற்படையின் வாசலைத் தாண்டவேண்டும்.

இனி ஜெனீவாவுக்கு வருவோம். நாம் வருடத்தில் இரண்டு மூன்று தடவை ரயில் ஏறிப்போய், முருகதாசன் திடல் என்று எம்மவர் அழைக்கும் அந்தச் சதுக்கத்தில் நின்றுவிட்டு வரும் ஜெனீவா. 2015 ஒக்ரோபர் 1ஆம் திகதி மனித உரிமைப் பேரவையில் நிறைவேறிய 30/1 தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்தது அமெரிக்கா. இலங்கை அரசே அதற்கு இணை அனுசரணை வழங்கியது. படையினர் வசமுள்ள பொதுமக்களின் காணிகளை உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதைத் துரிதப்படுத்தவேண்டும் என்ற வாசகமும் அதில் உண்டு. 13 மாதங்கள் கழித்து, அதே அமெரிக்காவின் மரைன்கள் இலங்கை மரைன்களோடு திருகோணமலையில் நின்றார்கள். இன்னும் 3 மாதத்தில், திருப்பிக் கொடுக்கப்படாத அந்தக் காணியில் முதல் மரைன் அணி அணிவகுத்துச் சென்றது.

2017 மார்ச்சில் பேரவை 34/1 தீர்மானத்தால் இலங்கைக்கு மேலும் 2 ஆண்டுகள் அவகாசம் கொடுத்தது. அதே மார்ச்சில் முள்ளிக்குளத்து மக்கள் முகாமுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 38 நாட்கள் இரவும் பகலும் இருந்தார்கள். ஏப்ரல் 29ஆம் திகதி கடற்படைத் தளபதி வந்து 100 ஏக்கரை விடுவிப்பதாகச் சொன்னார். தளம் போகவில்லை. 6 ஆண்டுகளின் பின் அங்கரேஜ் வந்தபோதும் தளம் அங்கேதான் இருந்தது. அதற்கு 3 மாதம் முன்னர்தான், 2022 ஒக்ரோபரில், அமெரிக்காவும் சேர்ந்து முன்மொழிந்த 51/1 தீர்மானம் ஜெனீவாவில் நிறைவேறியிருந்தது.

இதை இரட்டை வேடம் என்று சொல்லி முடித்துவிடுவது எமக்குப் பழகிப்போன சுலபமான வழி. அது போதாது என்பதே என் விமர்சனம். வேடம் என்றால் ஒன்று பொய்யாக இருக்கவேண்டும். இங்கே இரண்டும் உண்மை. ஜெனீவாவில் கொடுக்கும் அழுத்தமும் முள்ளிக்குளத்தில் கொடுக்கும் பயிற்சியும் ஒரே கொள்கையின் இரண்டு கைகள். ஒரு கை இழுக்கிறது, மறு கை தட்டிக்கொடுக்கிறது. கொழும்பு தம் பக்கம் சாயவேண்டும் என்பதே இரண்டுக்கும் நோக்கம். அந்தப் பேரத்தில் எமது காணி, எமது காணாமல் போனோர், எமது பதாகைகள் எல்லாம் எடைக்கல்லாகப் பயன்படுகின்றன. சாமானை நிறுத்து முடிந்ததும் எடைக்கல்லை எடுத்து வைத்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. உண்மை. செனற்றர் லீஹியின் பெயரால் அழைக்கப்படும் சட்டம், பாரிய மனித உரிமை மீறல் செய்ததாக நம்பகமான தகவல் உள்ள படையணிகளுக்கு உதவி வழங்குவதைத் தடுக்கிறது. 2023 ஏப்ரலில், 2005 முதல் 2009 வரை கடற்படைத் தளபதியாக இருந்த வசந்த கரன்னாகொட அமெரிக்காவுக்குள் நுழைவதைத் தடைசெய்தார்கள். முள்ளிக்குளம் கடற்படை வசமானதும் அவர் தளபதியாக இருந்த காலத்தில்தான். ஆனால் அந்தச் சட்டம் ஆளைப் பார்க்கும், அணியைப் பார்க்கும், நிலத்தைப் பார்க்காது. 2016 இல் பிறந்த ஒரு மரைன் அணிக்கு 2009 இல் பெயரே கிடையாது. ஆகவே அதன் ஏடு சுத்தம். அது காலூன்றி நிற்கும் மண் எப்படி வந்தது என்று கேட்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. தளபதிக்குத் தடை போட்ட கை, ஜனவரியில் அந்தத் தளத்தில் பயிற்சி கொடுத்த கைதான்.

இன்னொரு வாதத்தையும் நேர்மையாக எதிர்கொள்ளவேண்டும். இப்பயிற்சிகளின் நோக்கமாக அறிவிக்கப்படுபவற்றில் அனர்த்த நிவாரணமும் ஒன்று. அதைக் கேட்டுச் சிரிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. 2004 டிசெம்பர் 26 அன்று எமது கிழக்குக் கரையும் முல்லைத்தீவும் எப்படிக் கிடந்தன என்பதை அறிந்தவர்கள், கடலில் இருந்து கரைக்கு உதவி கொண்டுவரும் கலையைக் கேலி செய்யமாட்டார்கள். கப்பல் கெட்டது என்று நான் சொல்லவில்லை. யாருக்காக, எப்போது வரும் என்பதைக் கப்பல் தீர்மானிப்பதில்லை என்கிறேன்.

அதற்குச் சாட்சி 2009. வன்னியில் ஒரு சிறு கடற்கரைத் துண்டில் மக்கள் நெருக்கப்பட்டுக் கிடந்த மாதங்களில், அவர்களைக் கடல்வழியாக வெளியேற்ற முடியுமா என்று அமெரிக்கப் பசுபிக் கட்டளையகம் ஆராய்ந்தது. இங்கே ஜெனீவாவிலும் சூரிச்சிலும் பனியில் நின்றவர்களுக்கு அந்தச் செய்தி நாளுக்கொரு வடிவத்தில் வந்துசேர்ந்தது. கப்பல் வெளிக்கிட்டுவிட்டது என்றார்கள், வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். துறைமுகமில்லாத ஒரு கரையில் இருந்து ஆயிரக்கணக்கானோரை ஏற்றுவது, இந்த ஈரூடகக் கப்பல்கள் செய்வதற்கென்றே கட்டப்பட்ட வேலை. அவை வரவில்லை. வந்தது செஞ்சிலுவைச் சங்கம் வாடகைக்கு அமர்த்திய 'கிறீன் ஓஷன்' என்ற ஒரு பயணிகள் கப்பல். அது கரைக்குக் கிட்ட வரமுடியாமல் ஆழத்தில் நிற்க, காயப்பட்டவர்களைச் சிறு படகுகளில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெப்ரவரி முதல் மே 9 வரை 13,000க்கும் மேற்பட்டோர் அப்படி வெளியேறினார்கள். எமது சரித்திரத்தில் நடந்த மிகப் பெரிய மனிதாபிமான ஈரூடக நடவடிக்கை, எந்த நேசப்படையும் பயிற்சி கொடுக்காமல் நடந்தது.

எம் பக்கத்தையும் பேசாமல் இதை முடிக்க முடியாது. தரையிறக்கம் என்ற சொல்லே எமக்குள் ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. 1991 இல் ஆனையிறவை மீட்க வெற்றிலைக்கேணியில் இராணுவம் இறங்கியது எமக்கு அழிவு. 2000 மார்ச்சில் குடாரப்பில் புலிகள் இறங்கியது எமக்கு வீரம். சுவிஸ் மண்டபங்களில் அதன் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். இரண்டு கரைகளிலும் இருந்த மீனவர்கள் ஒரே விதமாகத்தான் பெட்டி படுக்கையைக் கட்டினார்கள். கரையை யார் பிடித்தார்கள் என்று எண்ணிப் பழகிய நாம், கரையில் யார் இருந்தார்கள் என்று எண்ணப் பழகவில்லை. முசலிக்கே இன்னொரு கதையும் உண்டு. 1990 ஒக்ரோபரில் மன்னாரின் முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றியபோது இந்தப் பகுதியும் வெறிச்சோடியது. பின்னாளில் சிலாவத்துறையில், தங்கள் காணியில் இருக்கும் கடற்படை முகாமை அகற்றக் கோரி அந்த முஸ்லிம் மக்களும் வீதியில் இருந்தார்கள். முள்ளிக்குளத்தைப் பற்றிப் பேசும்போது சிலாவத்துறையை விட்டுவிட்டுப் பேசுவோமானால், எமக்கும் நிலத்தைப் பார்க்காத அந்தச் சட்டத்துக்கும் என்ன வேறுபாடு?

நாம் இருக்கும் இந்த நாட்டில் கடல் இல்லை, ஆனால் இதற்கு ஒப்பான ஒரு கதை இருக்கிறது. ஷ்வீற்ஸ் கன்ரோனில் ரொத்தன்தூர்ம் என்றொரு கிராமம். அதன் சதுப்புநிலத்தில் சுவிஸ் இராணுவம் ஒரு பயிற்சித் தளம் அமைக்க விரும்பியது. விவசாயிகள் மறுத்தார்கள். விடயம் சர்வசன வாக்கெடுப்புக்குப் போனது. 1987 டிசெம்பர் 6ஆம் திகதி 57.8 வீதமானோர் சதுப்புநிலத்தைக் காப்பாற்ற வாக்களித்தார்கள். தளம் கைவிடப்பட்டது, சதுப்புநிலங்களின் பாதுகாப்பு அரசியலமைப்பில் ஏறியது. அப்போது எம்மில் பலர் ஏற்கனவே இங்கே வந்து, உணவகங்களின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். வாக்கும் இல்லை, மொழியும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்றே தெரியாது. இன்று எமது பிள்ளைகளுக்கு வாக்கு இருக்கிறது, மொழி இருக்கிறது. ஒரு கிராமம் தன் இராணுவத்துக்கு இடமில்லை என்று சொல்லி வென்ற நாட்டின் பிரஜைகள் அவர்கள். முள்ளிக்குளத்தின் 38 நாட்களை ரொத்தன்தூர்மின் மொழியில் அவர்களால் சொல்லமுடியும். நாமோ அவர்களைக் கொடி பிடிக்க மட்டும் கூட்டிக்கொண்டு போகிறோம்.

ஜெனீவாவுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. போகும்போது எதைக் கேட்பது என்பதே கேள்வி. 'சர்வதேசமே, தலையிடு' என்ற பொத்தாம்பொதுவான கூக்குரலுக்கு எந்தத் தூதுவரும் பதில் சொல்லவேண்டியதில்லை. பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: காணியைத் திருப்பிக் கொடு என்று தீர்மானம் எழுதிய நீங்கள், திருப்பிக் கொடுக்கப்படாத அந்தக் காணியில் உங்கள் படையை ஏன் இறக்கினீர்கள்? மக்களிடம் பறித்த நிலத்தில் உள்ள எந்தத் தளத்திலும் கூட்டுப் பயிற்சி செய்யமாட்டோம் என்று அமெரிக்காவும் ஜப்பானும், ஏன் இந்தியாவும், அறிவிக்கட்டும். சிறிய கோரிக்கைதான். அதற்கு ஆம் என்றால் சில கிராமங்களுக்குப் பயன் உண்டு. இல்லை என்றால், நேசம் என்ற சொல்லுக்கு அவர்கள் கொடுக்கும் பொருள் எமக்கு விளங்கிவிடும்.

பேர்ணில் எழுந்து பேசிய இரு நண்பர்களும் இதை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். கப்பல் நல்லதா கெட்டதா என்ற அவர்களது வாதம் தொடரட்டும். அடுத்த கூட்டத்தில் அதற்கு முன்பாக, முள்ளிக்குளத்தில் எத்தனை குடும்பங்கள் இன்னும் தங்கள் வளவுக்குப் போகவில்லை என்பதை யாராவது ஒருவர் விசாரித்து வந்து சொல்லவேண்டும். அந்தப் பொறுப்பை நான் ஏற்கிறேன்.