பார்க் இடத்தில் புல் இருக்கட்டும்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், மேலகரம், இலஞ்சிப் பக்கம் வயல்கள் வீட்டுமனைகளாகி வருகின்றன. பெரிய மனைப்பிரிவுகளில் ஒரு துண்டு நிலம் மட்டும் கட்டடமில்லாமல் கிடக்கும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்கின்றன தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள். குடியிருப்போர் அதைப் 'பார்க் இடம்' என்பார்கள். பார்க் வருவதற்கு முன் அங்கே புல் வந்துவிடும். அந்தப் புல்லைப் பேணுவதா, பேவர் பிளாக் பதித்து ஊஞ்சல் போடுவதா?

புல்லே இருக்கட்டும் என்பது என் கட்சி. ஆனால் யாரும் எட்டிப் பார்க்காமல் போட்டுவிட்டு, அதற்கு 'இயற்கை' என்று பெயர் சூட்டுவதை ஏற்க முடியாது.

இந்த மண்ணுக்கு மழை இருமுறை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து சாரல்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதனால் அருகும் கோரையும் தண்ணீர் பாய்ச்சாமலே தழைக்கின்றன. நர்சரியில் வாங்கிப் பதிக்கும் கொரியன் புல்லைப் பங்குனி, சித்திரையில் காப்பாற்றக் குழாய்த் தண்ணீர் வேண்டும். அருகோ மேலே கருகினாலும் வேரில் உயிரை வைத்திருந்து, சாரல் விழுந்ததும் துளிர்க்கும். கதிர் முற்றினால் சில்லைகள் கூட்டமாக இறங்கும். பிள்ளைகளுக்குப் பந்து விளையாட மெத்தென்ற தரையும் கிடைக்கிறது.

புல்வெளி வெள்ளத்தையே தடுத்துவிடும் என்று சிலர் சொல்வது மிகை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழைக்கு முன் ஒரு தெருவின் புல்வெளி எம்மாத்திரம்? சாதாரண மழையைத் தெருவில் ஓடவிடாமல் மண்ணுக்குள் இறக்கும். அந்த அளவே அதற்குப் பெருமை.

குறைகளை மறைப்பது நியாயமில்லை. முழங்கால் உயரப் புல்லில் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். கண்ணாடி விரியன் கிடப்பது மிதிக்கும்வரை தெரியாது. புதர் மண்டிய இடத்துச் சிற்றுண்ணிகள் கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரலாம். சிகிச்சை தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. மாசிக்குப் பிறகு காய்ந்த புல்லில் ஒரு பீடித் துண்டு போதும். இத்தனைக்கும் பயந்து களைக்கொல்லி அடிப்பவர்கள் இன்னொரு தவறைச் செய்கிறார்கள்: புல் செத்து வெறுமையான மண்ணை அடுத்த மழையில் பார்த்தீனியம் பிடித்துக்கொள்ளும். பிறகு தும்மலும் தோல் அரிப்பும்தான் மிச்சம்.

பிரிட்டனில் 2019 முதல் மே மாதம் முழுக்கப் புல்லை வெட்டாமல் விடச் சொல்லி ஓர் இயக்கம் நடக்கிறது. அங்கே அது பூக்காலம். இங்கே வைகாசிப் பிற்பகுதி வரை வெயில். புல் ஓங்குவதோ மழையோடு. அதை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது.

நமக்கென்று ஒரு முறை இருந்தது: மேய்ச்சல். ஊர் மந்தையின் புல்லைக் கட்டையாக நிறுத்தியது ஆடுமாடுகளின் வாய்தான். சாணமும் அங்கேயே விழும், கூலி கிடையாது. இன்று நகர்களில் மாட்டை விரட்டிவிட்டு, பிரஷ் கட்டருக்கு நாள் வாடகை கொடுக்கிறோம். பக்கத்துத் தெருவில் மாடு வளர்ப்பவரை அழைத்துப் புல்லை அறுத்துக்கொள்ளச் சொன்னால் அவருக்குத் தீவனம், நமக்குச் சுத்தம். கட்டிப் போட்டு மேய்த்தாலும் சரிதான், பாலித்தீன் குப்பையை முதலில் அள்ளிவிட வேண்டும். மாட்டின் வயிற்றுக்குள் போகிற எமன் அது.

மரம் நடுவோருக்கும் ஒரு வார்த்தை. புங்கையும் வேம்பும் ஓரத்தில் நிற்கட்டும். நடுவிலும் நெருக்கி நட்டால் நிழலில் அருகு அழிந்து, திறந்தவெளி என்ற பயனே போய்விடும்.

ஆகஸ்ட் முடிவில் ஓர் அறுப்பு, தைக்குள் இன்னொன்று. வீட்டு மதிலை ஒட்டியும் பிள்ளைகள் நடக்கும் பாதையிலும் ஆண்டு முழுக்கக் கணுக்கால் உயரம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்குவது. இவ்வளவையும் செய்ய ஒரு பொறுப்பாளர் இல்லாத புல்வெளியைவிட, கல் பதித்த பூங்காவே மேல் என்பேன்.

உங்கள் மனைப்பிரிவு ஊராட்சி எல்லைக்குள் இருந்தால், ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: புல்லை யார் அறுப்பார், எந்த மாதம், அறுத்த புல் யாருக்கு? மூன்றையும் தீர்மானத்தில் எழுத வையுங்கள்.