வில்லைக்கு ஒரு விலை, மரத்துக்கு ஒரு விலை

பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் ஆடும் பழைய கியூவின் விலையைத் தீர்மானிப்பது அதன் அடிப்பக்கத்தில் பதித்திருக்கும் ஒரு சின்ன வில்லை. பெயர்பெற்ற கம்பெனியோ ஆட்டக்காரரோ அதில் இருந்தால் விலை ஏறும். வில்லை உதிர்ந்து வெறும் பள்ளம் மட்டும் மிஞ்சியிருந்தால், அதே கியூ அடிமாட்டு விலைக்கு வரும். பழைய கியூக்களைத் தேடித் திரிகிற எங்களைப் போன்றவர்களின் சந்தோஷம் முழுக்க இந்தக் கோணலில்தான் இருக்கிறது. பந்தை அடிப்பது நாலடி பத்து அங்குல மரம். அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால், ஹைதராபாத்தில் நல்ல கியூவுக்குப் பஞ்சமே கிடையாது.

ஹைதராபாத் என்று சொன்னாலும் என் மனதில் வருவது செகந்திராபாத். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பாளையத்தில் நின்றது சென்னை மாகாணப் படை. தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வந்து வேரூன்றியதும், பில்லியர்ட்ஸ் மேசைகள் வந்து இறங்கியதும் அந்தப் படைக்குப் பின்னால்தான். ஸ்னூக்கர் பிறந்த கதையிலும் அதே படை வருகிறது. நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி 1875-ல் ஜபல்பூரில் வண்ணப் பந்துகளைக் கூட்டிச் சேர்த்து ஆடிப் பார்த்தார். பிறகு சென்னைப் படைத் தளபதி ஃபிரடெரிக் ராபர்ட்ஸிடம் பணியில் இருந்தபோது, கோடைக்குப் போன ஊட்டியில் விதிகளுக்கு வடிவம் வந்தது. 1882-ல் அவை ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் ஏறின. செகந்திராபாத் கிளப் அந்த விதிகளுக்கு நாலு வருடம் மூத்தது. ஹைதராபாத்தின் ஃபலக்நுமா அரண்மனையில் பரோஸ் அண்ட் வாட்ஸ் செய்த மேசை இன்றும் இருக்கிறது. அதன் ஜோடி பக்கிங்ஹாம் அரண்மனையில் இருப்பதாகச் சொல்வார்கள்.

மேசை வந்தால் கூடவே கியூவும் வரும். பரோஸ் அண்ட் வாட்ஸ், தர்ஸ்டன், ரைலி என்று லண்டனிலும் லங்காஷயரிலும் செய்தவை மெஸ்ஸுகளிலும் கிளப்புகளிலும் பணக்கார வீடுகளிலும் சுவரோடு சாய்ந்து நின்றன. அதிகாரி மாற்றலாகிப் போனால் சாமான்கள் ஏலத்துக்குப் போகும். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினால் பழைய சாமான்காரர் வந்து நிற்பார். வியாழக்கிழமை கூடும் ஜுமேராத் பஜாரிலும், ஞாயிறு காலை எர்ரகட்டா சந்தையிலும், திரைச்சீலைக் கம்புகளுக்கும் கைத்தடிகளுக்கும் நடுவில் ஒரு கியூ செருகியிருந்தால் அதைச் செருகியவருக்கே அது என்னவென்று தெரிந்திருக்காது. அப்படிக் கிடைப்பது இப்போது அரிது. இன்று பெரும்பாலானவை வருவது வேறு வழிகளில்: மூடப்படும் ஸ்னூக்கர் பார்லர்கள், வேலை கிடைத்து ஆட்டத்தை நிறுத்தும் பையன்கள், அமெரிக்காவிலிருந்து திரும்பும் மென்பொருள்காரர்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தின் புண்ணியத்தில்தான் நல்ல அமெரிக்கப் பூல் கியூக்கள் இந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கின்றன.

ஸ்னூக்கர் கியூவை எடுத்துக்கொள்வோம். அடியில் கருங்காலி, மேலே ஆஷ். இரண்டும் சேரும் இடத்தில்தான் செய்தவரின் கை தெரியும். ஆஷ் தண்டின் கீழ்ப்பாகத்தை நாலு பக்கமும் சரிவாக இழைப்பார்கள். அந்தச் சரிவுகளில் கருங்காலிப் பட்டைகளை ஒட்டி, காய்ந்தபின் மொத்தத்தையும் உருண்டையாக இழைத்து எடுத்தால், கருங்காலி நாலு நாக்குகளாக ஆஷுக்குள் ஏறி நிற்கும். கையால் இழைத்த ஒட்டில் நாக்கின் நுனி மெல்ல வளைந்து மழுங்கி முடியும். இயந்திர ஒட்டில் இரண்டு மரங்களும் பல்லோடு பல்லாகச் செருகியிருக்கும். நுனி கூராக, வெட்டினாற்போல் நிற்கும். மூன்றாவது ஒரு வகை உண்டு: ஒட்டே இல்லாமல் படம் அச்சடித்து மேலே வார்னிஷ் பூசியது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் போதும். நாக்கின் எல்லையில் மரவரி மாற வேண்டும். மாறாமல் ஒரே போக்கில் ஓடினால் அது வெறும் படம்.

எனக்குப் பிடித்தது கையொட்டு. இயந்திர ஒட்டு பலத்தில் குறைந்ததல்ல, நன்றாகவே ஆடும். ஆனால் நாலு நாக்குகளில் ஒன்று மற்றவற்றைவிட நூலளவு இறங்கி நிற்கும் ஒரு பழைய கியூவைப் பார்க்கும்போது, எந்தப் பட்டையை அவர் கடைசியாக இழைத்தார், எந்த இடத்தில் உளியை வைத்துவிட்டுக் கண்ணை நம்பினார் என்பதெல்லாம் தெரிகிற மாதிரி இருக்கும். அதற்கு நான் கூடுதல் காசு கொடுப்பேன். வில்லை இல்லாவிட்டாலும் கொடுப்பேன்.

ஆஷ் தண்டைப் பார்க்கும்போது வரிகளைப் பாருங்கள். ஒரு முகத்தில் அம்பு முனைகள் வரிசையாக ஏறிப் போகும். அதற்குப் பக்கவாட்டில் நீள்கோடுகள் ஓடும். கோடுகள் நுனிவரை விலகாமல் நேராக ஓடினால், மரத்தை வரியோடு ஒட்டி அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். பாதி வழியில் கோடு பக்கமாக வழிந்து வெளியேறினால் அந்த இடத்தில் பலம் குறைவு, பின்னால் வளையவும் வாய்ப்பு உண்டு. அம்பு முனைகள் எத்தனை என்று எண்ணி விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை அழகு சம்பந்தப்பட்டது. கோடுகளின் நேர்மை ஆட்டம் சம்பந்தப்பட்டது.

நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கியூவைத் தரையிலோ மேசையிலோ உருட்டுவது வழக்கம். பழைய ஸ்னூக்கர் கியூவில் அடிப்பக்கம் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும், உருட்டினால் துள்ளத்தான் செய்யும். அதைக் கோணல் என்று நினைத்துக் கைவிட்ட நல்ல கியூக்கள் ஏராளம். அடியைக் கண்ணருகே வைத்து, நுனியைப் பார்த்தபடி மெதுவாகச் சுற்றுங்கள். எந்த நிலையில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தானே தெரியும். நீளமான மெல்லிய வளைவு ஒன்று இருந்தால் அதோடு வாழலாம். நுனியிலிருந்து ஓரடிக்குள் சட்டென்று திரும்பியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எந்த வில்லை இருந்தாலும் சரி. பிறகு பாரம் சமமாகும் இடத்தில் இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிக் கேளுங்கள். நல்ல மரம் சுத்தமாக ஒலிக்கும். சரசரப்புக் கேட்டால் ஒட்டு விட்டிருக்கிறது, அல்லது நுனியில் இருக்கும் பூண், அதாவது ஃபெரூல், ஆடுகிறது.

உண்மையில் கியூக்களைக் கொன்றது வெயிலோ மழையோ அல்ல, உப்புத்தாள். கை வழுக்கவில்லை என்று தேய்க்கிறார்கள், அழுக்குப் போகவேண்டும் என்று தேய்க்கிறார்கள், விற்கும் முன் பளபளப்பாக்கத் தேய்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தண்டு கொஞ்சம் மெலியும். ஃபெரூலின் பித்தளைக்குக் கீழே மரம் பள்ளமாக இறங்கியிருந்தால், நடுத்தண்டு விரலில் தொளதொளவென்று இருந்தால், அந்த மரம் இனி திரும்பாது. அதே போலத்தான் வெட்டப்பட்ட கியூவும். அடியில் ஈயம் அடைத்த குழி வெளியே தெரிந்தால், யாரோ நீளம் குறைத்திருக்கிறார்கள். டிப் (நுனித் தோல்) போனது, ஃபெரூல் விரிசல், வார்னிஷ் உரிந்தது, இவையெல்லாம் பேரத்துக்குப் பயன்படும் குறைகள். கொஞ்சச் செலவில் தீரும். மெலிந்ததும் குறைந்ததும் தீராது. விற்கிறவர் இரண்டையும் ஒரே தராசில்தான் வைப்பார். வாங்குகிறவருடைய லாபம் அந்த வித்தியாசத்தில்தான்.

தக்காணத்தின் காற்று மரத்துக்குக் கடுமையானது. ஏப்ரல், மே மாதங்களில் மரம் உலர்ந்து சுருங்கும். ஜூலையில் மழை பிடித்ததும் ஈரம் குடித்து ஊதும். அதுவும் வச்சிரப் பசையால் ஒட்டிய பழைய கியூ என்றால் ஒட்டு வாய் திறப்பது இந்த மாற்றத்தில்தான். ஆனால் ஐம்பது கோடைகளைப் பார்த்துவிட்டு இன்னமும் நேராக நிற்கிற ஒரு கியூ கிடைத்தால், அசைய வேண்டியதை எல்லாம் அசைந்து முடித்த மரம் அது. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்கள் பழைய வீடுகளின் உத்தரத்திலிருந்தும் தூணிலிருந்தும் ஆச்சா மரம் தேடிப் போவது இதே காரணத்துக்காகத்தான். புது மரத்தை நம்பாத கைகள் அவை.

பூல் கியூவின் உலகம் வேறு. அங்கே தண்டு மேப்பிள், நுனி தடிப்பு, விலை வித்தியாசம் இன்னும் பயங்கரம். பொதுவாகத் தொழிற்சாலைக் கியூ கடையை விட்டு வெளியே வந்ததுமே கணிசமாக மதிப்பு இழக்கும். வாங்கியவர் மனம் மாறி விற்கும்போது பாதி விலைக்கு வந்து நிற்பதும் சகஜம். ஆகவே புதிதாக வாங்குவதைவிட ஒரு கை மாறியதை வாங்குவதே புத்திசாலித்தனம். இதற்கு எதிர்த்திசையில் ஏறுகிறவை சில கைவினைஞர்களின் பெயர்கள். அவற்றில் முதல் பெயர் ஜார்ஜ் பாலபுஷ்கா. ரஷ்யாவில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, நியூயார்க்கில் கியூ செய்து, 1975-ல் இறந்தவர். 1986-ல் வந்த ‘தி கலர் ஆஃப் மணி’ படத்தில் அவர் பெயர் அடிபட்டபின் அந்தக் கியூக்களின் விலை சாதாரண ஆட்டக்காரனின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போனது. படத்தில் காட்டியதோ பாலபுஷ்கா செய்ததே அல்ல. ஜாஸ் கம்பெனி அதே சாயலில் செய்து கொடுத்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை ஒன்று உண்டு. பாலபுஷ்கா தன் கியூக்களுக்கான ஒட்டுத்தண்டுகளைப் பெரும்பாலும் பிறரிடமிருந்துதான் எடுத்தார். தொடக்கத்தில் பிரன்ஸ்விக் கம்பெனியின் டைட்லிஸ்ட் கியூக்கள். பிறகு பர்ட்டன் ஸ்பெயின், கஸ் ஸாம்போட்டி ஆகியோர் செய்த தண்டுகள். டைட்லிஸ்ட் என்பது அமெரிக்கப் பூல் ஹால்களின் சுவரில் யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடும்படி தொங்கிய பொதுக் கியூ. அந்த மரத்தை அவர் கண் கண்டுகொண்டது. கடைசலும் சமநிலையும் மெருகும் அவருடையவை, அவைதான் அவரைப் பெரியவராக்கின. அடிமரமோ பொதுச் சுவரில் தொங்கியதுதான். விஷயம் தெரிந்த அமெரிக்கர்கள் இன்றும் பழைய டைட்லிஸ்ட்களைத் தேடி வாங்குகிறார்கள்.

இந்தப் பெயரை வைத்து ஏமாறுவதும் எளிது. பாலபுஷ்கா இறந்தபின் அவர் பெயரை உரிமம் பெற்று ஜப்பானின் ஆடம் கம்பெனி தொழிற்சாலைக் கியூக்கள் செய்தது. நல்ல கியூக்கள்தான், அவற்றுக்குரிய விலையில். இங்கே யாராவது அந்தப் பெயர் பொறித்த ஒன்றை எடுத்து நீட்டினால் அது ஆடமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புதையல் விலை கொடுக்காதீர்கள்.

நுனியில் மஞ்சள் ஏறிய வெள்ளை ஃபெரூல் இருந்தால் கூர்ந்து பாருங்கள். டிப் போய் வெட்டுமுகம் தெரியும்போது, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் இருந்தால் அது தந்தம். நம் நாட்டில் தந்த வியாபாரம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழையது என்று சொல்லித் தப்ப முடியாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பேரத்திலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

நல்ல கியூவும் விலை உயர்ந்த கியூவும் ஒன்றல்ல என்பதற்கு ஸ்னூக்கர் ஆட்டக்காரர் ஸ்டீபன் ஹென்ட்ரியைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஏழு உலகப் பட்டங்களை அவர் வென்றது பையனாக இருந்தபோது கிடைத்த, நாற்பது பவுண்டு மதிப்புள்ள ஒரு கியூவில். 2003-ல் விமானப் பயணத்தில் அது உடைந்து போனது. அதன்பின் உலகத்தின் எந்தக் கியூவையும் அவரால் வாங்க முடிந்திருக்கும். உலகப் பட்டம் மட்டும் மறுபடி வரவில்லை. கியூ மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாற்பது பவுண்டு மரம் அவர் கைக்குள் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதை எந்தச் சந்தையும் விலை போட்டிருக்காது.

நம் ஊரில் இன்னும் சரியாக விலை போடப்படாத ஒரு வகை உண்டு: ஒற்றைத் துண்டுக் கியூ. நடுவில் பித்தளை ஜாயிண்ட் இல்லாமல், அடியிலிருந்து நுனிவரை ஒரே தண்டாக வருவது. பைக்கில் கொண்டுபோக முடியாது, ஆட்டோவில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அதனால் ஆட்டக்காரர்கள் ஒதுக்குகிறார்கள், விலை விழுந்து கிடக்கிறது. அடிக்கும்போது கைக்கு வரும் அதிர்வு மட்டும் வேறு எதிலும் வராது. எந்த உலோகமும் குறுக்கே நிற்பதில்லை. ஒரே பார்லரில் ஆடுகிறவர், அங்கேயே பூட்டிவைக்க ஒரு தகரக் குழாய் கிடைக்கிறவர், வேறு எதையும் வாங்கவே கூடாது என்பேன். அதை அறுத்து ஜாயிண்ட் போட்டுத் தருகிறேன் என்று சொல்கிற கடைசல் பட்டறைக்காரரிடம் கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள்.

பேரத்தில் எனக்கு ஒரு கறார் உண்டு. சந்தைக் கடைக்காரரிடம் நன்றாகப் பேசுவேன். “ஆக்ரி ரேட் போலோ பாய்” (கடைசி விலையைச் சொல்லுங்க) என்று அவர் தொடங்க, நான் “நக்கோ” (வேண்டாம்) என்று நடக்க, அவர் திரும்பக் கூப்பிட, அது இரண்டு பேருக்கும் பிடித்த விளையாட்டு. தானே ஆடிய கியூவை விற்கிறவரிடம் அப்படிப் பேசுவதில்லை. வேலைக்காகவோ கல்யாணச் செலவுக்காகவோ அதைக் கொண்டுவந்திருக்கிறார். விலையைக் கேட்கும்போதே கையை எடுக்காமல் பிடித்திருக்கிறார். அவர் குறைத்துச் சொன்னால் சரியான விலை என்ன என்று நானே சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்ன வீடுகளிலிருந்துதான் அடுத்த நல்ல கியூ பற்றிய செய்தியும் வருகிறது.

இப்போது கார்பன் தண்டு வந்திருக்கிறது. வளையாது, ஈரம் குடிக்காது, பள்ளம் விழாது. அமெரிக்காவில் ஒரு தண்டின் விலை மட்டுமே பல நூறு டாலர். வசதியுள்ள பூல் ஆட்டக்காரர்கள் பழைய அடிப்பகுதியை வைத்துக்கொண்டு மேப்பிள் தண்டைக் கழற்றிவிட்டுக் கார்பனைப் பொருத்துகிறார்கள். சில வருடத்தில் அந்தக் கியூவை விற்க வரும்போது கார்பன் தண்டைத் தனியாக நிறுத்திக்கொண்டு அடிப்பகுதியை மட்டும் குறைந்த விலை சொல்வார்கள். அந்த இடத்தில் பொறுமையாக ஒரு கேள்வி கேளுங்கள்: இதோடு வந்த மேப்பிள் தண்டு எங்கே? பெரும்பாலும் வீட்டுப் பரண்மேல்தான் இருக்கும். நேராக இருக்கிறதா என்று கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, அதையும் சேர்த்தே விலை பேசுங்கள்.