கடையில் வாங்கிய மென்பொருள், அடுத்த மென்பொருள் கூப்பிட்டால் ஏன் வருவதில்லை?

புன்னைக்காயலில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன மாசம் போனில் கூப்பிட்டார். “தம்பி, படம் திருத்துறதுக்குப் புது சாஃப்ட்வேர் ஒண்ணு ஸ்டோர்ல வாங்குனேன். தனியா தொறந்தா தொறக்குது. வழக்கமா படம் அடுக்கி வைக்கிற சாஃப்ட்வேருக்குள்ள இருந்து கூப்பிட்டா வரமாட்டேங்குது. ஏமாத்திட்டானுவளோ?”

யாரும் ஏமாற்றவில்லை. ஆனா அவருக்கு நடந்தது நியாயமும் இல்லை. எந்த மென்பொருள், எந்தக் கடை என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. பல நிறுவனங்களில் இதே கதைதான் என்பதால் பெயர் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. கோளாறு எங்கே இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். வாலிபத்தில் முத்துக்குளிக்கப் போனவர். இந்தக் கடற்கரையில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். அந்தக் காலத்தில் கூட்டாளிகளோடு கரையில் நின்று எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வீட்டில் இருந்தது. உப்புக்காற்றில் ஓரம் பழுத்து, முகத்தின் மேல் பூஞ்சை படர்ந்த படம். முப்பதாம் நாள் பூசைக்குள் அதைச் சுத்தம் செய்து பெரிதாக்கி, பிரேம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று பேரன் கொண்டுவந்திருக்கிறான்.

அண்ணன் படத்தை ஸ்கேன் செய்து தன் அடுக்கு மென்பொருளில் ஏற்றினார். அங்கிருந்து ‘இதில் திருத்து’ என்று கொடுத்தால் புது மென்பொருள் திறக்கவேண்டும். திருத்திச் சேமித்தால் படம் அதே அடுக்குக்குத் திரும்பி வந்து மூலப்படத்தின் பக்கத்திலேயே உட்காரவேண்டும். அது நடக்கவில்லை. அதனால் அவர் எல்லாரும் செய்வதைச் செய்தார். படத்தை ஜேபெக்காக வெளியே எடுத்து, தனியாகத் திறந்து திருத்தி, சேமித்து, மறுபடி உள்ளே ஏற்றினார். திருப்தி இல்லை என்று மறுபடி வெளியே எடுத்தார். மூணு நாளில் ‘தாத்தா’, ‘தாத்தா 1’, ‘தாத்தா புதுசு’, ‘தாத்தா பைனல்’, ‘தாத்தா பைனல் 2’ என்று அஞ்சு கோப்புகள். லேபுக்குப் போனது அதில் தப்பான ஒன்று. பூஞ்சையைத் துடைக்கப்போய் இடது கண்ணையும் புருவத்தையும் வழவழப்பாக்கிய ஆரம்பகால முயற்சி அது. பிரேமைப் பார்த்ததும் பேத்தி சொன்னாளாம்: “இது தாத்தா கண்ணு இல்ல.”

மூல ஸ்கேன் பத்திரமாக இருந்ததால் மறுபடி செய்துகொடுத்துவிட்டார். ஒரு பிரிண்ட் காசும் ஒரு ராத்திரித் தூக்கமும்தான் நஷ்டம். ஆனாலும் அந்தப் பேத்தி சொன்னது எனக்குள் நின்றுவிட்டது. ஒரு மென்பொருள் இன்னொன்றைத் திறக்காமல் போவது சின்னத் தொழில்நுட்பச் சிக்கல் மாதிரித்தான் தெரியும். அதன் விலையைக் கொடுப்பது எங்கோ ஒரு வீட்டில் இருக்கும் ஒரே படம்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

பழைய முறையில் ஒரு மென்பொருளை நிறுவினால் அது கணினியில் ஒரு கோப்புறையில் போய் உட்காரும். அதற்குள் ‘இஎக்ஸ்இ’ என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். வீட்டுக்கு விலாசம் மாதிரி. இன்னொரு மென்பொருளுக்கு அந்த விலாசத்தைக் காட்டிக்கொடுத்தால் போதும், அது போய்க் கதவைத் தட்டும். 2007ல் வந்த அடோப் லைட்ரூம் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் கட்டப்பட்டது. அதன் விண்டோஸ் பதிப்பில் வெளித் திருத்தி ஒன்றைச் சேர்க்கப் போனால், ‘அந்த இஎக்ஸ்இ எங்கே இருக்கிறது, காட்டு’ என்றுதான் கேட்கும்.

கடை வந்ததும் இந்த விலாசம் மாறிப்போனது. விண்டோஸில் ஸ்டோர் வழியாக இறங்கும் பல செயலிகள் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் ‘விண்டோஸ்ஆப்ஸ்’ என்ற மறைவான இடத்துக்குப் போகின்றன. சாதாரணப் பயனர் அதைத் திறந்து பார்க்கக்கூட அனுமதி கிடையாது. அடம்பிடித்துத் திறந்தாலும் பிரயோஜனம் இல்லை. செயலியின் கோப்புறைப் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது. அடுத்த அப்டேட் வந்தால் எண் மாறும், எண் மாறினால் விலாசம் மாறும். இன்றைக்குக் காட்டிக்கொடுத்த கதவு நாளைக்கு அங்கே இருக்காது.

மேக்கில் கதை கொஞ்சம் வேறு. 2012 ஜூன் 1 முதல், மேக் ஆப் ஸ்டோருக்கு வரும் புதுச் செயலிகள் ‘சாண்ட்பாக்ஸ்’ என்ற வேலிக்குள் இருக்கவேண்டும் என்று ஆப்பிள் கட்டாயமாக்கியது. வேலிக்குள் இருக்கும் செயலி, பயனர் கையால் எடுத்துக்கொடுத்த கோப்பைத்தான் தொடலாம். அங்கே மற்ற மென்பொருள் கூப்பிட்டால் செயலி பெரும்பாலும் திறந்துவிடும். ஆனா ஃபோட்டோஷாப்பின் பிளக்இன் கோப்புறைக்குள் தன் துணை நிரலைத் தானே கொண்டுபோய் வைக்க அதற்கு முடியாது. அதனால் சில நிறுவனங்கள், ‘செயலியைக் கடையில் வாங்குங்கள், பிளக்இன்னை மட்டும் எங்கள் தளத்தில் வந்து தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லவேண்டி வந்தது. வாங்கியவருக்கு அந்தக் குறிப்பு கண்ணில் படுவது அபூர்வம்.

இது கடையின் குற்றம் மட்டும்தானா? இல்லை. 2022 நவம்பரில் வந்த அஃபினிட்டி போட்டோ 2 நல்ல உதாரணம். அதன் விண்டோஸ் பதிப்பு முதலில் ‘எம்எஸ்ஐஎக்ஸ்’ என்ற புதுப் பொதியாக மட்டுமே வந்தது. கடைக்குப் போகாமல் நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கினாலும் அது போய் உட்கார்ந்தது அதே பூட்டிய கோப்புறையில்தான். லைட்ரூமிலிருந்து கூப்பிட்டுப் பழகியவர்கள் புகார் சொன்னார்கள். பிறகு நிறுவனம் பழைய பாணி நிறுவியையும் சேர்த்துக் கொடுத்தது. ஆக, பூட்டு இருப்பது பொதியில்தான். அந்தப் பொதிக்குப் பெரிய வாசல் கடை, அவ்வளவுதான்.

பூட்டுக்குக் காரணம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. எங்கிருந்தோ இறக்கிய நிரல் கணினி முழுக்கக் கைவைத்து நாசம் செய்த காலத்தை ஸ்டுடியோக்காரர்களுக்குச் சொல்லித்தரவேண்டாம். கல்யாண ஆல்பம் கொண்டுவந்த பென்டிரைவ் வழியாக வைரஸ் வந்து, ஹார்டுடிஸ்க் மொத்தத்தையும் அழித்தவர்கள் நம்மிடையே உண்டு. செயலியை வேலிக்குள் வைத்தால் அது கெட்டாலும் கேடு வேலிக்குள்ளேயே நிற்கும். அழித்தால் மிச்சம் வைக்காமல் அழியும். இதெல்லாம் நிஜமான லாபங்கள்.

ஆனா, ‘பாதுகாப்பு வேண்டும் என்றால் இந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்’ என்று சொல்லும்போது என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கையில் இருக்கும் போனைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் ஆரம்பம் முதலே ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை. கணினியில் இருப்பதைவிடக் கெட்டியான சுவர். இருந்தும் வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தைத் திருத்தும் செயலிக்கு அனுப்ப ஒரு தட்டுப் போதும். ஏன்? அங்கே ஒரு செயலி இன்னொன்றின் விலாசத்தைத் தேடிப் போவதில்லை. ‘இந்தப் படத்தைத் திருத்த ஆள் யாராவது இருக்கிறீர்களா?’ என்று அமைப்பிடம் கேட்கிறது. அமைப்பு ஆட்களைக் காட்டுகிறது. தேர்ந்தெடுத்தவருக்கு அந்த ஒரு படத்துக்கு மட்டும் அனுமதி போகிறது. ஐபோனில் 2014லும், மேக்கின் ஃபோட்டோஸ் செயலியில் அதற்கடுத்த ஆண்டும் திருத்தும் நீட்சிகள் வந்தன. 2017ல் அதே ஃபோட்டோஸ், படத்தை வேறு செயலிக்கு அனுப்பித் திரும்ப வாங்கிக்கொள்ளவும் கற்றுக்கொண்டது.

அப்படியென்றால் சுவர் எழுப்பியது தப்பில்லை, வாசல் வைக்காததுதான் தப்பு. இதில் இரண்டு பக்கமும் பங்கு உண்டு. பொதி செய்தவர்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் எதை நம்பி இருக்கின்றன என்று பார்க்காமல் விலாசத்தை எடுத்துவிட்டார்கள். கூப்பிடும் மென்பொருளை வைத்திருப்பவர்களோ, விலாசம் போன பிறகும் விலாசத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விண்டோஸில் ஒரு படத்தின்மேல் வலது கிளிக் செய்தால் ‘இதைக்கொண்டு திற’ பட்டியலில் கடைச் செயலியின் பெயரும் வருகிறது. அமைப்புக்கு ஆளைத் தெரிகிறது. அந்தப் பட்டியலையே காட்டினால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் ‘அவங்க மாத்தட்டும்’, மறுபக்கம் ‘இவங்க மாத்தட்டும்’. நடுவில் ஸ்டுடியோ அண்ணன்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது புதுசில்லை. 1577ல் கோவாவில் தமிழ் எழுத்து வார்த்தார்கள், 1578ல் கொல்லத்தில் திரும்பவும் புதிதாக வார்த்தார்கள். தம்பிரான் வணக்கம் அங்கே அச்சானது. அதைத் தமிழாக்கிய அண்டிரிக் அடிகளாருக்கு இந்தப் புன்னைக்காயல்தான் இருப்பிடம். நம் காலத்தில் அது எழுத்துருவாக வந்தது. ஒரு எழுத்துருவில் அடித்த அஞ்சலி வாசகம் அடுத்த கடையின் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். பிளெக்ஸ் அடிக்கப் போனவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். 1999ல் தாம், தாப் என்று தரம் வகுத்தும் சண்டை ஓயவில்லை. ஒருங்குறி வந்து, 2010ல் தமிழக அரசும் அதை ஏற்றபின்தான் பொதுவான வழி பிறந்தது. எழுத்துருக்கள் தனித்தனியாக எவ்வளவு அழகாக இருந்தும் அது தீரவில்லை. எல்லாரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்ததால்தான் தீர்ந்தது. படம் திருத்தும் மென்பொருள்களுக்கும் அதுதான் தேவை.

அது வரும்வரை என்ன செய்வது? அண்ணனுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

1. முதலில் கோளாறைப் பிரித்துப் பாருங்கள். செயலி தனியாகத் திறக்கிறதா? படத்தின்மேல் வலது கிளிக் செய்து ‘இதைக்கொண்டு திற’ என்றால் திறக்கிறதா? இரண்டும் நடந்தால் செயலியில் பழுதில்லை, கூப்பிடும் வழியில்தான் பழுது. அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது வீண்வேலை.

2. விண்டோஸ் அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குள் ‘ஆப் எக்ஸிக்யூஷன் அலியாஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் செயலி அதில் இருந்தால், பயனர் கோப்புறைக்குள் ‘ஆப்டேட்டா’, ‘லோக்கல்’, ‘மைக்ரோசாஃப்ட்’, ‘விண்டோஸ்ஆப்ஸ்’ என்று வரிசையாகப் போனால் அதன் பெயரில் ஒரு சின்ன இஎக்ஸ்இ இருக்கும். அளவு பூஜ்யம் என்று காட்டும், பயப்படவேண்டாம். அது பதிப்பு மாறினாலும் மாறாத மாற்று விலாசம். அதை வெளித் திருத்தியாகக் கொடுத்துப் பாருங்கள். சில மென்பொருள்கள் ஏற்கும், சில ஏற்காது.

3. நிறுவனத்தின் தளத்தில் கடை சாராத நிறுவி இருக்கிறதா என்று பாருங்கள். ஆனா கடையில் கட்டிய காசு அந்தப் பதிப்புக்குச் செல்லுமா என்பதை முதலில் எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் இரண்டும் தனித்தனி உரிமம்.

4. பூட்டிய கோப்புறையின் அனுமதியை மாற்றச் சொல்லும் வீடியோக்களை நம்பவேண்டாம். மற்ற கடைச் செயலிகளும் சேர்ந்து படுத்துவிடும்.

5. ஒண்ணும் நடக்கவில்லை என்றால் வெளியே எடுத்துத்தான் திருத்தவேண்டும். அப்போது ஜேபெக் வேண்டாம், ஒவ்வொரு சேமிப்பிலும் கொஞ்சம் தேயும். 16 பிட் டிஃப் ஆக எடுங்கள். மூலப்படத்தின் பெயரை அப்படியே வைத்து, பின்னால் தேதியும் எண்ணும் மட்டும் சேருங்கள். ‘பைனல்’ என்ற சொல்லைக் கோப்புப் பெயரில் போடவே போடாதீர்கள்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. இலவசச் சோதனைக் காலம் இருந்தால் முதல் நாளே செயலியின் வித்தைகளைப் பார்க்கவேண்டாம். உங்கள் அடுக்கு மென்பொருளிலிருந்து கூப்பிட்டு, ஒரு கோடு கிழித்து, சேமித்து, படம் தன் இடத்துக்குத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். விமர்சனம் எழுதுகிறவர்களும் இந்தச் சோதனையை முதலில் செய்யலாம். வானம் மாற்றும் வசதி, ஒரு கிளிக்கில் முகம் பொலியும் வசதி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். படம் போய்த் திரும்புமா என்பதை யாரும் எழுதுவதில்லை.

அண்ணனுக்கு இரண்டாவது வழி வேலை செய்தது. இப்போது கூப்பிட்டால் திறக்கிறதாம். “ஆனா தம்பி, அப்டேட் வந்துச்சுன்னா மறுபடி போயிருமோ?” என்று கேட்டார். போகாது என்றுதான் சொல்லியிருக்கிறேன். எதற்கும் தாத்தாவின் மூல ஸ்கேனை இன்னொரு டிஸ்கிலும் ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.